ஒற்றைக்கால் ஸ்டாண்டு

ஜெயலெட்சுமியின் காலில் அந்த பைக் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. மழை விட்டிருந்த நேரம் என்பதால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பாதிப்பேர் வாசலில்தான் நின்றார்கள். யாரும் யாருக்கும் போய்ச் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பைக், மேல் லயத்து நிஷாந்துடையது. சர்வீசுக்கு வந்திருந்தது. சர்வீஸ் பண்ணுகிறவன் அவளுடைய புருஷன் கஜேந்திரன். லுணுகலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, நாலாம் நம்பர் லயம் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பைக் வைத்திருக்கிற எவனும் வழி சொல்வான். செயின் கழுவ, பிரேக் மாற்ற, பின் சக்கரம் கழற்ற என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பைக்காவது வாசலுக்கு வந்துவிடும். வேலை சுத்தமான வேலை. அதில் எதிரிகூடக் குறை சொன்னதில்லை.

குறை அவனுடைய இடது தோளில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றப்போன டிரக்டர் மழைத்தண்ணீர் ஓடும் காணுக்குள் சரிந்தபோது தோள் கழன்று, கழன்றது பொருந்தியும் பழையபடி வரவில்லை. விரல்கள் வேலை செய்யும். கிளட்ச் பிடிப்பான், நட்டைத் திருகுவான். ஆனால் பாரம் என்று ஒன்று வந்துவிட்டால் அந்தக் கை அங்கேயே நின்றுவிடும். இப்போது வருகிற பைக்குகளில் முக்கால்வாசிக்கு நடுவில் இருக்கும் டபள் ஸ்டாண்டும் கிடையாது. சைட் ஸ்டாண்டு ஒன்றுதான்.

அதனால் பின் சக்கரத்தைத் தூக்குவதற்கு இரண்டு வருஷமாக ஜெயலெட்சுமிதான். பைக்கின் இடதுபக்கம் நின்று, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்து, சைட் ஸ்டாண்டு முறியாத அளவுக்குத் தன் பக்கம் சாய்க்க வேண்டும். பின் சக்கரம் எழும்பும். கஜேந்திரன் அடியில் சவுக்குக் கட்டையைத் தள்ளுவான். கட்டை சரியாக உட்காருகிற வரைக்கும், சில நேரம் உட்கார்ந்த பிறகும்கூட, அவள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். திங்கள் முதல் சனி வரைக்கும் கொழுந்துக்கூடை, ஞாயிற்றுக்கிழமை பைக். அவளுக்கு என்று வாரத்தில் ஒரு நாள் இருந்ததை அவளே மறந்துபோயிருந்தாள்.

அன்றைக்குச் சைட் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்திருந்த கல் ஈரமண்ணில் புரண்டுவிட்டது. பைக் அவள் பக்கம் வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கலாராணியும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடிவந்து தூக்கினார்கள். கெண்டைக்கால் வீங்கி, தோல் உரிந்து, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். நாலு நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை.

கால் வலியைவிட, பைக்கைத் தூக்கியபோது கலாராணி சொன்ன வார்த்தைதான் அவளுக்குள் கிடந்து குடைந்தது. "ஏங்க்கா, நல்ல வேள வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றிருந்தாள் அவள்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, இரவுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது கஜேந்திரன் அடுப்பங்கரை வாசலில் வந்து குந்தினான்.

"சாமானையெல்லாம் வித்துப்புடலாம்னு பாக்குறேன்," என்றான்.

"எந்தச் சாமான?"

"ஸ்பேனரு, செயின் கழட்டி, எல்லாத்தையும். பெக்டரியில வாச்சர் வேல இருக்குன்னு சொன்னாங்க. ராவைக்கு முழிச்சிக் கெடக்கணும், அவ்வளவுதான்."

அவள் ரொட்டியைத் திருப்பிப்போட்டாள். வாச்சர் வேலை என்பது இவனை இருட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவது. பைக் எஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வில் கோளாறா கார்புரேட்டரில் கோளாறா என்று சொல்கிறவன், பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆறு மாதத்தில் போத்தலும் பக்கத்தில் வந்து உட்காரும். அவள் அதையெல்லாம் மற்ற காம்பராக்களில் பார்த்தவள்.

"விக்க வேணாம்," என்றாள். "ஸ்டாண்டு ஒண்ணு வாங்குவோம்."

"நீ புடிச்சா போதும். அன்னிக்கி கல்லு பொரண்டதுதான் பெரச்சின."

"நான் இனிமே புடிக்க மாட்டேன்."

"கால் சரியாகட்டும்னு சொல்றியா?"

"கால் சரியானாலும்."

அவன் அதைக் கோபத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டான். புருஷன்மாருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சம்பலைத் தொட்டு நாலு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

வியாழக்கிழமை பதுளைக்குப் போனார்கள். அவனுடைய பழைய பைக்கில்தான். அதன் டபள் ஸ்டாண்டு எப்போதோ ஒடிந்துபோய், வைத்தியன் வீட்டுப் பிள்ளை மாதிரி மருந்தில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வீங்கிய காலை நீட்டி, வழியெல்லாம் பனியும் தூறலுமாய்ப் போய் இறங்கியபோது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வடை தின்று, பால் தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லாரும் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிற அஸீஸின் மோட்டார் சாமான் கடைக்குப் போனார்கள்.

அஸீஸ் நானா வெள்ளைத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாய் நல்ல மனிதர். வியாபாரி என்பதால் நல்ல குணம் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும்.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. ஸ்டாண்டா? மூணு சாதி ஈக்குது. பாத்து எடுங்க. வண்டிய உள்ளுக்கு ஏத்துங்க, போட்டே பாக்கலாம்."

கடைக்குள் வெள்ளை டைல்ஸ். பைக்கின் சேற்றுச் சக்கரம் அதில் ஒரு கோடு இழுத்ததைப் பார்த்து ஜெயலெட்சுமிக்குக் கூச்சமாக இருந்தது. நானா கண்டுகொள்ளவில்லை.

முதலாவது ஸ்டாண்டு சிவப்பு நிறம். அகலமான இரும்புச் சட்டம், அடியில் இரண்டு சின்ன உருளை, பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை ஏந்திக்கொள்ள ரப்பர் வைத்த இரண்டு கொக்கி. ரேஸ் வீடியோவில் வருவது. கஜேந்திரன் ஃபோனில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். கையால் தடவிப் பார்த்தபோது அவன் முகத்தில் வந்த ஆசையைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"இதுதான் சாமான்," என்றார் நானா. "பதுளையில ஈக்கிற கராஜெல்லாம் இதத்தான் எடுக்குறாங்க. வண்டிய நேரா நிப்பாட்டி, பின்னால கொடுத்து, மிதிச்சி அமத்தினா முடிஞ்சிச்சு."

கஜேந்திரன் பைக்கை நேராக நிமிர்த்தினான். வலது கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டாண்டை இழுத்துக் கொக்கிகளைப் பொருத்தப் பார்த்தான். ஒரு கொக்கி மாட்டியது. மற்றதை மாட்டப் போனபோது பைக் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது.

"ஜெயா, இந்தப் பக்கம் வந்து புடி," என்றான்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"புடி புள்ள."

"புடிக்க மாட்டேன்."

கடையில் நட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆள் தலையை நிமிர்த்தினான்.

"என்ன சொல்ற?"

"நான் புடிக்கிறதுன்னா இத எதுக்கு வாங்கணும்? அதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேனே."

அஸீஸ் நானா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தார். "சரி சரி, நான் புடிக்கிறேன்."

"நீங்களும் புடிக்காதீங்க நானா," என்றாள். "நீங்க ஞாயித்துக்கெழம எங்க லயத்துக்கு வரப்போறதில்ல."

சொன்னது சரிதான். ஆனால் சரியைச் சொல்லிவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கஜேந்திரனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பைக் சாய்ந்துகொண்டே வந்தது. இரண்டு வருஷப் பழக்கத்தில் அவளுடைய இரண்டு கையும் தானாக எழுந்தன. அவற்றை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழவும் இல்லை, நகரவும் இல்லை.

அவன் எப்படியோ இடுப்பால் முட்டுக்கொடுத்து, காலால் சைட் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு பைக்கை நிறுத்தினான். சிவப்பு ஸ்டாண்டு டைல்ஸில் கிடந்து ஆடியது.

"நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்ட," என்றான் தணிந்த குரலில்.

"நாலு பேருக்கு முன்னாலதாங்க போட்டுப் பாக்கணும். வாங்கிட்டுப் போயி வாசல்ல இதே மாதிரி ஆனா, அங்க நாப்பது பேரு நிப்பாங்க."

நானா இரண்டாவதைக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல் மாதிரி விரிகிற ஜாக்கி. எஞ்சினுக்கு அடியில் வைத்து ஸ்பேனரால் திருகினால் மேலே போகும். ஒரு கை போதும். கஜேந்திரன் முழங்காலிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். கோபம் இருந்தாலும் வேலைக்காரன் கண் வேலைக்காரன் கண்தான்.

"இந்த வண்டிக்கு அடியில சமனான எடமே இல்ல நானா. சைலன்சரு குறுக்க போகுது. நிஷாந்த் வண்டிக்கும் இப்பிடித்தான். தூக்கும், ஆனா நான் நட்ட இழுக்குற இழுப்புக்கு வழுக்கும்."

"அப்ப மொத சாமானையே எடுங்களே. பழகினா வரும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கத பேசப்படாது தம்பி."

"எங்க கூடம் நெசமாவே கோணலுங்க நானா," என்றாள் ஜெயலெட்சுமி. "வாசல்ல ஒரு செம்பு தண்ணி ஊத்தினா, செம்ப நிமுத்துறதுக்குள்ள தண்ணி காணுக்குப் போயிரும். இதுக்கு அடியில ரெண்டு உருள வேற இருக்கு. வண்டியும் ஸ்டாண்டும் கையக் கோத்துக்கிட்டு லுணுகலைக்கே போயிரும்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். நட்டு எண்ணுகிற ஆளும் சிரித்தான். கஜேந்திரன் சிரிக்கவில்லை. ஆனால் உருளையைக் காலால் உருட்டிப் பார்த்தான். அவன் அதை யோசிக்கவே இல்லை. மலைச் சாய்வில் பிறந்து வளர்ந்தவன், சமதரையில் எடுத்த வீடியோவைப் பார்த்து மயங்கியிருந்தான். தோட்டத்து ஆட்களுக்குச் சாய்வு என்பது கண்ணில் படாது. காலுக்குத்தான் தெரியும்.

"மூணாவது ஒண்ணு இருக்குன்னீங்களே," என்றாள்.

"அது உங்களுக்குச் சரி வராது தங்கச்சி. ரோட்டுல பஞ்சர் ஆனா அவசரத்துக்கு வெக்கிறது."

"காட்டுங்க."

பின்னால் ஆணியில் தொங்கிய ஒன்றைத் தூசு தட்டிக்கொண்டு வந்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடின இரும்புக் குழாய். ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு துண்டு, உயரம் மாற்ற ஓட்டையும் ஊசியும். தலையில் ரப்பர் போட்ட ஒரு கவட்டை, நடுவில் ஒரு நெம்புகோல். பைக் சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போதே வலதுபக்கத்தில் இருந்து பின் சக்கரத்துக் கைக்கு அடியில் கொடுத்து நெம்பினால் சக்கரம் எழும்பும். முன் சக்கரம், சைட் ஸ்டாண்டு, இந்தக் குழாய் என்று மூன்றே கால்.

கஜேந்திரன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"நொண்டிக்குக் குடுக்குற கம்பு மாதிரி இருக்கு," என்றான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சிவப்பு ஸ்டாண்டு அவனுக்கு ஸ்டாண்டு அல்ல. அதை வாசலில் வைத்துவிட்டால் கைக்கு ஒன்றும் ஆகாதவன் ஆகிவிடலாம் என்று எண்ணியிருக்கிறான். அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் சட்டென்று இளகியது. இளகியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"கம்புதான். அதுக்கென்ன?" என்றாள். "மழக்காலத்துல நான் கம்ப ஊண்டித்தான் மலையில எறங்குறேன். என்னய யாரும் நொண்டின்னு சொன்னதில்ல. கம்பு இல்லாம உருண்டு விழுந்தவளத்தான் நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அடுப்புக்கு மூணு கல்லுதானே வெக்கிறோம்? கோணத் தரையில மூணு கால்தாங்க ஆடாம நிக்கும். போட்டுப் பாருங்க. ஆகாட்டி வேணாம்."

அவன் குழாயை வாங்கினான். ஊசியை மாற்றி உயரம் வைத்தான். பைக்கின் வலதுபக்கம் குந்தி, கவட்டையைக் கொடுத்து, வலது கையால் மட்டும் நெம்பினான். டக்கென்று ஒரு சத்தம். பின் சக்கரம் டைல்ஸை விட்டு இரண்டு விரல்கடை எழும்பியது. விரலால் தட்டினான். சுற்றியது. எழுந்து சீட்டைப் பிடித்து முரட்டுத்தனமாக ஆட்டிப் பார்த்தான். பைக் அசைந்து கொடுத்ததே தவிர இறங்கவில்லை.

யாருடைய கையும் பைக்கில் இருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"பாக்கலாம்," என்றான். அவன் வாயில் இருந்து அதற்கு மேல் அன்றைக்கு எதிர்பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மழை. எட்டு மணிக்கு விட்டது. முதல் பைக் கணக்கப்பிள்ளை சதீஸ்குமாருடையது. வாங்கி நாலு மாதம்தான். பின் பிரேக்கில் கீச்சென்று சத்தம் வருகிறதாம். கொழுந்து மலையில் யார் எந்த நிரையில் நிற்பது என்று சொல்கிற ஆள் அவர். ஜெயலெட்சுமிக்கு நாளைக்குக் காலை ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டில் முகம் பார்க்க வேண்டிய ஆள்.

அவள் குளித்து, தலை சீவி, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கூடை பக்கத்தில் இருந்தது. லுணுகலைச் சந்தைக்குப் போகிறாள். இரண்டு வருஷமாகக் கலாராணி வாங்கிக்கொண்டு வருகிற முற்றின போஞ்சிக் காயையும் வாடின லீக்ஸையும் வாயைத் திறக்காமல் ஆக்கியிருக்கிறாள். இனி அவளுடைய போஞ்சியை அவளே ஒடித்துப் பார்த்து வாங்குவாள். போஞ்சியைக்கூடத் தன் கையால் பொறுக்க முடியாத பிழைப்பு என்ன பிழைப்பு என்று அவளுக்கு இருந்தது.

கஜேந்திரன் முன் பிரேக்கை டியூப் வாரால் இழுத்துக் கட்டினான். சைட் ஸ்டாண்டுக்கு அடியில் பழைய கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு அகலமான பலகை ஒன்றை வைத்து மிதித்தான். குழாயை எடுத்தான். வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்னப்பா இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஸ்டாண்டுங்கய்யா."

"இந்தக் குச்சியா? வண்டி புதுசுப்பா. ஜெயலெட்சுமி, நீ அந்தப் பக்கம் ஒரு கை புடிச்சிக்க."

"நான் சந்தைக்குப் போறேங்கய்யா."

"ஒரு அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசம்னுதான் ரெண்டு வருசம் போச்சு. இன்னிக்கி நான் புடிக்கலங்கய்யா."

கணக்கப்பிள்ளைக்கு முகம் கறுத்தது. "நாளைக்கு மலைக்கு வருவதானே," என்றார், சாதாரணமாகச் சொல்வதைப் போல.

"வருவேன். பாறைக்கு மேல நிக்கச் சொன்னாலும் நிப்பேன். நாளைக்கு நீங்க சொல்ற எடம். இன்னிக்கி ஞாயித்துக்கெழம."

அவர் கஜேந்திரன் பக்கம் திரும்பினார். பெண்டாட்டி மறுத்தால் புருஷனைக் கேட்பது வழக்கம். அவளும் கஜேந்திரனைத்தான் பார்த்தாள். இவன் மட்டும் இப்போது "ஒரு கை புடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அதே ஒரு கைதான்.

கஜேந்திரன் துணியால் கையைத் துடைத்தான்.

"அவ புடிச்சாத்தான் வண்டி தருவீங்கன்னா, எடுத்துக்கிட்டுப் போங்கய்யா," என்றான். "நான் புடிச்சா போதும்னா விட்டுட்டுப் போங்க."

சதீஸ்குமார் யோசித்தார். லுணுகலையில் கொடுத்தால் பிரேக்கைப் பார்க்க ஒரு நாள் ஆகும், பார்த்த பிறகு சத்தம் இன்னும் கூடும் என்பது அவருக்கும் தெரியும். "விழுந்தா நீதான் பொறுப்பு," என்றுவிட்டுத் தள்ளி நின்றார்.

கஜேந்திரன் குந்தி, கவட்டையைக் கொடுத்து நெம்பினான். சக்கரம் எழும்புவதற்குப் பதிலாகக் குழாயின் அடி ஈரமண்ணுக்குள் இறங்கியது. கடையில் டைல்ஸ் இருந்தது. இங்கே ஐப்பசிச் சேறு. பைக் ஒருமுறை உலுக்கியது. கலாராணி "ஐயையோ" என்றாள். ஜெயலெட்சுமி இஸ்தோப்பில் இருந்து ஒரு படி இறங்கிவிட்டாள். கை நீண்டுவிட்டது.

"தொடாத," என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

நெம்புகோலை விட்டான். எழுந்து காம்பராவுக்குள் போனான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். உள்ளே இரும்புகள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவன் கையில் தேய்ந்துபோன பல்லுச்சக்கரம் ஒன்று இருந்தது, யாரோ ஒருவருடைய பழைய பைக்கில் கழற்றிப்போட்டது. அதை மண்ணில் படுக்கப்போட்டு ஏறி மிதித்தான். பல்லெல்லாம் மண்ணைக் கவ்விக்கொண்டன. நடு ஓட்டை குழாயைவிடச் சின்னது, அதன்மேல் குழாயின் அடியை இறுக்கி ஊன்றினான். மறுபடி நெம்பினான்.

டக்.

சக்கரம் எழும்பி நின்றது. அவன் அதை ஒரு தட்டுத் தட்டினான். ஈரத்தைச் சிதறிக்கொண்டு சுற்றியது. கணக்கப்பிள்ளையின் காற்சட்டையில் சேறு பட்டது. அவர் இன்னும் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

ஜெயலெட்சுமி நீட்டிய கையை மடக்கி, கூடையை எடுத்தாள். "நான் வாறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

"ஏங்க்கா, வண்டி விழுந்தா?" என்றாள் கலாராணி.

"விழுந்தா அவரு தூக்குவாரு. நீ போஞ்சி வாங்கப் போறியா, இங்கயே நிக்கிறியா?"

கலாராணி நின்றுவிட்டாள். இந்த வேடிக்கையை விட்டுவிட்டு யார் போவார்கள்.

லயத்துப் பாதை காணைத் தாண்டி, தேயிலைக்குள் வளைந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும். கால் இன்னும் வலித்தது. சறுக்குகிற இடத்தில் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியம். பார்த்தால் கால் திரும்பும், கால் திரும்பினால் கை போகும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

வளைவில் இறங்கும்போது மேலே லயத்துப் பக்கத்தில் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம்.

அவள் கால் நின்றது. கூடைப் பிடி கையில் நழுவியது. ஒருவரும் கத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது. திரும்பவா, வேண்டாமா என்று அவள் நின்ற அந்த நேரத்தில், தேயிலைக்கு மேலே கஜேந்திரனின் குரல் வந்தது. அவள் எந்த இடத்தில் நிற்பாள் என்று அளந்து வைத்ததைப் போல, அந்த வளைவைப் பார்த்தே அவன் கத்தினான்.

"ஸ்பேனருதான் ஜெயா. நீ போ."